கோழியின் எட்டு வால்வுகள்

கடுகின் வீட்டில் எல்லா அறைகளிலும் ஒரு கார் இருந்தது.

அதன் உடம்பு ஷெட்டில் நின்றது. முன்விளக்குகள் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தன. கார்புரேட்டர் புத்தக அலமாரியில், அகராதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. டம்ளர் வடிவ பிஸ்டன்கள் நான்கும் சமையலறை ஜன்னலில் வரிசையாக வெயில் காய்ந்தன. ஒரு நாள் காலை அரைத் தூக்கத்தில் அப்பா அவற்றில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

"அம்மா! அப்பா பிஸ்டன்ல தண்ணி குடிக்கப் போறாரு!"

"குடிக்கட்டும். அது டம்ளரை விட உறுதி," என்றார் அம்மா.

அம்மா பேருந்து ஓட்டுபவர். நாள் முழுக்கப் பேருந்து ஓட்டிவிட்டு வந்து, சாயங்காலம் ஸ்பேனரைக் கையில் எடுப்பார். அந்தக் காருக்கு அம்மாவைவிட வயது அதிகம். பழைய இரும்புக் கடையின் மூலையில் கிடந்த அதை அம்மா பார்த்தபோது, பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் கோழியை வைத்துக்கொண்டார். காரையும் கோழி என்ற பெயரையும் அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

கடுகுக்கும் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருந்தது. வீட்டில் அதை யாரும் பயன்படுத்துவதில்லை. அவள் சின்ன உருவம். அதனால் கடுகு.

அப்பா சலவைக் கடை நடத்துகிறார். வீட்டின் முன் அறைதான் கடை. கடைக்கு வரும் ஒவ்வொரு துணியின் ஓரத்திலும், எத்தனை முறை துவைத்தாலும் போகாத கறுப்பு மையால் ஒரு குறி போடுவார். மருத்துவர் வீட்டுக்கு ஒரு வட்டம். தையல்காரருக்கு ஒரு பெருக்கல் குறி. கடுகின் வீட்டுத் துணிகளுக்கு மூன்று புள்ளிகள். ஒன்று அப்பா, ஒன்று அம்மா, ஒன்று கடுகு.

"எவ்வளவு வெள்ளைச் சட்டை வந்தாலும் என் கையில ஒண்ணுகூட மாறினதில்ல," என்பார் அப்பா. அது உண்மைதான்.

அப்பாவுக்கு அழுக்கு மட்டும் ஆகவே ஆகாது. அம்மா தொட்ட கதவுப்பிடியை அப்பா பின்னாலேயே போய்த் துடைப்பார். அம்மா மறுபடி தொடுவார். அப்பா மறுபடி துடைப்பார். இருவரும் இதற்காகச் சண்டை போட்டதில்லை. அந்தக் கதவுப்பிடிதான் தேய்ந்துபோயிருந்தது.

ஆனால் ஷெட் விஷயம் வேறு. அப்பாவுக்கு ஒரு பெரிய சலவை இயந்திரம் வாங்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. வைக்க இடமில்லை. இருந்த ஒரே இடத்தில் கோழி நின்றது. ஒரு முறைகூட உறுமாத, ஓர் அடிகூட நகராத கோழி.

போன வாரம் சித்தி தொலைபேசியில் அழைத்தார்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை காலைல ரயில்ல வர்றேன். கோழி முட்டை போட்டுச்சா?"

"சிரிக்காதடி. உன்னைக் கூட்டிட்டுப் போக ஸ்டேஷனுக்கு அதுலதான் வருவேன்," என்றார் அம்மா.

"வரலன்னா?"

அம்மா ஒரு நொடி யோசித்தார். பிறகு அப்பாவைப் பார்த்தபடியே சொன்னார். "வரலன்னா வண்டியைப் பழைய இரும்புக்கே கொடுத்துடறேன். ஷெட்டை உங்க மாமா எடுத்துக்கட்டும்."

அப்பா கையிலிருந்த சட்டையை இன்னொரு முறை மடித்தார். அது ஏற்கெனவே மடித்த சட்டை.

அதன்பிறகு வீட்டிலிருந்த கார் ஒவ்வொரு அறையாகக் காலி செய்துகொண்டு ஷெட்டுக்குப் போனது. விளக்குகள் போயின. கார்புரேட்டர் போனது. பிஸ்டன்கள் தங்கள் குழிகளுக்குள் இறங்கின. சனிக்கிழமை காலை பாக்கியிருந்தவை வால்வுகள் மட்டும்தான்.

வால்வு என்பது பார்ப்பதற்கு நீளக் காம்பு உள்ள இரும்புக் காளான் மாதிரி இருக்கும். கோழிக்கு மொத்தம் எட்டு. நான்கு பெரியவை, பெட்ரோலும் காற்றும் உள்ளே வர. நான்கு சின்னவை, புகை வெளியே போக. என்ஜினின் மேல்பகுதிக்கு ஹெட் என்று பெயர். கனமான இரும்புப் பாளம் அது. அதிலிருக்கும் எட்டு ஓட்டைகளையும் இந்த எட்டுக் காளான்களும் மூடும். சரியான நேரத்தில் திறக்கும், சரியான நேரத்தில் மூடும். இம்மியளவு இடைவெளி இருந்தாலும் என்ஜினின் மூச்சு அந்த வழியாகப் போய்விடும்.

அதனால் அம்மா ஒவ்வொரு வால்வையும் அதனதன் ஓட்டையில் வைத்து, மணல் கலந்தாற்போன்ற ஒரு பசையைத் தடவி, ரப்பர் முனை வைத்த குச்சியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே உருட்டி உருட்டித் தேய்த்தார். பல சாயங்காலங்கள் அந்தச் சத்தம் கேட்டது. சர்ர்க், சர்ர்க், சர்ர்க்.

"எதுக்கும்மா இவ்வளவு நேரம்?"

"ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பழகணும் கடுகு. பழகிட்டா அப்புறம் மாத்தக்கூடாது. இந்த வால்வு இந்த ஓட்டைக்கு மட்டும்தான்."

பழகிய வால்வுகளை அம்மா முட்டை அட்டையின் குழிகளில் நிற்க வைத்தார். ஒவ்வொன்றின் தலையிலும் சாக்பீஸால் எண் போட்டார். இன்று சாயங்காலம் வந்து அவற்றை மாட்ட வேண்டும். நாளைக் காலை ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும்.

"முட்டை பத்திரம்," என்று கடுகிடம் சொல்லிவிட்டு அம்மா வேலைக்குப் போனார்.

கடுகு ஷெட் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பூனை வந்தது. விரட்டினாள். காற்று வந்தது. அதை விரட்ட முடியாததால் அட்டையின் மேல் ஒரு செய்தித்தாளை மூடினாள். நன்றாகத்தான் காவல் காத்தாள். அப்போது அப்பா வந்தார்.

"கடுகு, இந்தச் சட்டையைத் தையல்காரர்கிட்ட கொடுத்துட்டு வந்துடு. நான் இங்க பாத்துக்கறேன்."

கடுகு உடனே திரும்பத்தான் நினைத்தாள். தையல்காரர் வீட்டுப் பூனை, பொத்தான் பெட்டிக்குள் குட்டி போட்டிருந்தது. குட்டிகளைப் பார்க்காமல் யாராலும் அங்கிருந்து வர முடியாது.

திரும்பி வந்தபோது ஷெட்டில் அப்பா பெருமையாக நின்றுகொண்டிருந்தார். மேசைமேல், விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கும் வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. துண்டின்மேல் எட்டு வால்வுகளும் வரிசையாகப் படுத்திருந்தன. புதுக் கரண்டி மாதிரி மின்னின.

"எப்படி?" என்றார் அப்பா. "வெந்நீர், சோப்பு. சந்துபொந்து விடாம பல் துலக்குற பிரஷ்ஷால தேய்ச்சேன். துரு பிடிக்காம உடனே துடைச்சுட்டேன். உங்கம்மா வந்து பாத்தா அசந்துடுவா."

"அப்பா," என்றாள் கடுகு. "நம்பர் எங்கப்பா?"

"எந்த நம்பர்?"

"சாக்பீஸ் நம்பர்."

அப்பா ஒரு வால்வை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். சோப்பில் ஊறி வெளுத்திருந்த கைகள்.

"அழுக்குன்னு நினைச்சேன்," என்றார் மெதுவாக.

எந்த வால்வு எந்த ஓட்டைக்கு என்று காட்டியது அந்த எண்தான் என்று கடுகு சொன்னாள். பழகியதை மாற்றக்கூடாது என்று அம்மா சொன்னதையும் சொன்னாள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஊர்த் துணியெல்லாம் மாத்தாம கொடுத்தவன்... பொண்டாட்டி சாமானை மாத்திட்டேனே!" பிறகு அவர் முகம் இன்னும் சுருங்கியது. "கடுகு, நாளைக்கு வண்டி ஓடலன்னா ஷெட்டு யாருக்கு?"

"உங்களுக்கு."

"அதான். வேணும்னே பண்ணேன்னு உங்கம்மா நினைச்சுட்டா?"

"நினைக்க மாட்டாங்க."

"நீ நினைச்சியா?"

கடுகு ஷெட்டுக்குள் நுழைந்தபோது அரை நொடி அப்படித்தான் நினைத்தாள். அப்புறம்தான் மேசை ஓரத்தில் கிடந்த பிரஷ் கண்ணில் பட்டது. மயிர் எல்லாம் நாலா பக்கமும் சிலிர்த்து நின்றது. ஒரு காரியத்தைக் கெடுக்க நினைப்பவர் இவ்வளவு கவனமாக, இவ்வளவு நேரம் தேய்க்க மாட்டார்.

"அரை நொடி," என்றாள். "இப்ப இல்ல."

அப்பா அவள் தலையைத் தொட வந்து, கையில் கிரீஸ் இருக்குமோ என்று ஒரு முறை பார்த்துவிட்டுத் தொட்டார்.

இருவரும் கொஞ்ச நேரம் வால்வுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவை நான்கும் அச்சில் வார்த்தாற்போல் இருந்தன. சின்னவை நான்கும் அப்படியே. கண்ணால் பார்த்து ஒன்றும் புரியவில்லை.

கடுகுக்குத் தன் சாப்பாட்டு டப்பா ஞாபகம் வந்தது. வீட்டில் ஒரே அளவில் நான்கு டப்பாக்கள் இருந்தன. காலை அவசரத்தில் அப்பா ஏதோ ஒரு மூடியை ஏதோ ஒரு டப்பாவுக்குப் போடுவார். பார்க்கப் பொருந்தியதுபோலத்தான் இருக்கும். பள்ளிக்குப் போவதற்குள் ரசம் பைக்குள் கசியும், கணக்குப் புத்தகம் அதைக் குடித்துவிடும். அதனால் இப்போது கடுகு ஒரு வேலை செய்வாள். மூடி போட்டதும் டப்பாவைக் குழாயடியில் கவிழ்த்துப் பார்ப்பாள். ஒழுகினால் அது வேறு டப்பாவின் மூடி.

"அப்பா! ஒழுகுதான்னு பாக்கலாம்!"

"என்னது?"

"மேசை ஓரத்துல அந்த ஹெட்டு தலைகீழாத்தானே இருக்கு? அதுல நாலு பள்ளம் இருக்கு. ஒவ்வொரு பள்ளத்துலயும் ஒரு பெரிய ஓட்டை, ஒரு சின்ன ஓட்டை. வால்வைப் போட்டு மூடிட்டு, பள்ளத்துல மண்ணெண்ணெய் ஊத்தலாம். வேற ஓட்டையோட வால்வா இருந்தா கீழ ஒழுகும்."

"தண்ணி ஊத்தக்கூடாதா?"

"துரு பிடிக்கும். அதோட மண்ணெண்ணெய் ரொம்ப மெல்லிசு. சின்ன இடுக்குலகூட நுழைஞ்சுடும்னு அம்மா சொல்லியிருக்காங்க."

அப்பா அவளை ஒரு மாதிரி பார்த்தார். "உங்கம்மா பேசறப்ப எல்லாம் நான் துணி மடிச்சிட்டிருந்தேன் போல," என்றார்.

வேலை தொடங்கியது. கடுகு ஊற்றினாள். அப்பா குனிந்து, கசிந்தால் வெளியே வரும் ஹெட்டின் பக்கவாட்டுத் துளைகளுக்குக் கீழே கைக்குட்டையை விரித்து வைத்துப் பார்த்தார். சலவைக்காரரின் கண்ணுக்கு வெள்ளைத் துணியில் விழும் ஒரு பொட்டுகூடத் தப்பாது.

"ஒழுகுது!"

அடுத்த வால்வு.

"இதுவும் ஒழுகுது!"

அடுத்தது.

அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கடுகு நூறு வரை எண்ணினாள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"இது இங்கதான்!" என்று அப்பா கத்தினார். உடனே ஓடிப்போய், கடையிலிருந்து துணிச்சீட்டும் கறுப்பு மையும் எடுத்துவந்தார். சீட்டில் எண் எழுதி, வால்வின் காம்பில் முடிச்சுப் போட்டுக் கட்டினார். "இனி இதை யார் துவைச்சாலும் போகாது. நானே துவைச்சாலும்."

ஒரு பெரிய வால்வு மட்டும் வம்பு செய்தது. இரண்டாவது ஓட்டையிலும் ஒழுகவில்லை, மூன்றாவதிலும் ஒழுகவில்லை. அப்பா திகைத்தார். கடுகு அதைத் தனியே வைத்துவிட்டு, மிச்சமிருந்த இன்னொன்றைப் போட்டுப் பார்த்தாள். அது இரண்டாவது ஓட்டையில் மட்டும்தான் ஒழுகாமல் நின்றது.

"அப்ப அது ரெண்டு. இவரு மூணு," என்றாள்.

சாயங்கால வெயில் ஷெட்டுக்குள் சாய்ந்து வந்தபோது ஏழு வால்வுகளில் சீட்டு ஆடியது. கடைசியாக ஒரு சின்ன வால்வு. இருப்பது ஒரே ஓட்டை. அது அதனுடையதாகத்தான் இருக்க வேண்டும். போட்டார்கள். ஊற்றினார்கள்.

கைக்குட்டையில் ஒரு பொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

கடுகு வால்வை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அதன் ஓரத்தில் பூனை பிராண்டியதுபோல மெல்லிய கீறல்கள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "முதல்ல... இதை மட்டும்... பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால தேய்ச்சேன். அப்புறம்தான் பிரஷ்ஷுக்கு மாறினேன்."

"இதை அம்மாதான் திரும்பத் தேய்க்கணும். சொல்லித்தான் ஆகணும்ப்பா."

"ஒண்ணே ஒண்ணுதானே? ஏழு சரியா இருக்கே?"

"ஏழு பொத்தான் இருக்கு, ஒண்ணு மட்டும் இல்லன்னு ஒரு சட்டையைத் திருப்பிக் கொடுப்பீங்களா?"

அப்பா அந்த வால்வைத் தனியே எடுத்துவைத்தார்.

அம்மா வந்தார். ஷெட் வாசலில் இருவரும் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் மாதிரி நின்றார்கள்.

"என்ன ஆச்சு?"

அப்பா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். வெந்நீரில் தொடங்கினார், கம்பி நாருக்குத் தாவினார், நடுவில் பூனைக்குட்டிகளைக்கூடக் கொண்டுவந்தார். கடைசியில், "ஷெட்டுக்காகப் பண்ணேன்னு மட்டும் நினைச்சுடாதே," என்று நிறுத்தினார்.

அம்மா மேசையைப் பார்த்தார். சீட்டுக் கட்டிய ஏழு வால்வுகள். கறுப்புத் திட்டுகள் விழுந்த விருந்தாளித் துண்டு.

"ஷெட்டுக்காக நீங்க அந்தத் துண்டை எடுப்பீங்களா?" என்றார். "என் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தவங்களுக்கே அதைக் கொடுக்கல."

அப்பாவின் தோள்கள் கீழே இறங்கின.

"எந்த பிரஷ்ஷால தேய்ச்சீங்க?"

"கடுகோடது."

"பழசா?"

அப்பா கூரையைப் பார்த்தார். "இன்னைக்குக் காலைல வரைக்கும் புதுசு."

முதலில் சிரித்தது அம்மாதான். அப்புறம் கடுகு. அப்பா, சிரிக்கலாமா என்று இருவரையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

அம்மா எட்டு வால்வுகளையும் பொருத்தி, மறுபடி மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார். ஏழு சரி. "இதை எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கடுகிடம் கேட்டார்.

"டப்பா மூடி மாதிரிதானேம்மா."

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். கடுகின் சட்டையில் ஐந்து விரல்களும் கிரீஸில் பதிந்தன. அப்பா அதைப் பார்த்தார். துடைக்க வரவில்லை.

கீறல் விழுந்த வால்வையும் பசையையும் ரப்பர் குச்சியையும் அம்மா அப்பாவிடம் நீட்டினார். "கீறினவரே தேய்க்கட்டும்."

அப்பா குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டத் தொடங்கினார். சர்ர்க், சர்ர்க், சர்ர்க். காலர் கசக்கிப் பழகிய கை. அவசரப்படாது, அலுத்துக்கொள்ளவும் செய்யாது. முடித்தபோது வால்வின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம், எங்கும் விட்டுப்போகாமல் முழுசாக வந்திருந்தது.

"இந்தக் கையை இவ்வளவு நாள் சோப்புத் தண்ணிக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தீங்களே," என்றார் அம்மா.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே ஹெட் என்ஜின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

க்ர்ர்ர்... ஒன்றுமில்லை.

மறுபடி. க்ர்ர்ர்ர்... ஒன்றுமில்லை.

கடுகு கதவைப் பிடித்துக்கொண்டாள். அப்பா கடையில் இருந்தபடியே, பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டி ஒரே இடத்தில் நின்றிருந்தது.

அம்மா கண்ணை மூடித் திறந்தார். சாவியைத் திருப்பினார்.

க்ர்ர்ர்... கொக். கொக். கொக்கொக்கொக்கொக்!

ஷெட்டே அதிர்ந்தது. பின்னாலிருந்து குபுக்கென்று ஒரு கரும்புகை கிளம்பி, முற்றத்தைத் தாண்டி, காலையில்தான் அப்பா துவைத்துக் கொடியில் போட்ட வெள்ளைப் போர்வைகள் எல்லாவற்றின்மேலும் போய் உட்கார்ந்தது.

அப்பா கடையிலிருந்து ஓடிவந்தார். போர்வைகளைப் பார்த்தார். அம்மா பயந்துபோய் சாவியில் கை வைத்தார்.

"நிறுத்தாதே!" என்று அப்பா கத்தினார். "துவைச்சுக்கலாம்! அதெல்லாம் துவைச்சுக்கலாம்! நீ நிறுத்தாதே!"

பிறகு கடைக்குள் ஓடி, இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்து வண்டியில் ஏறினார்.

ஸ்டேஷன் வாசலில் சித்தி பெட்டியோடு நின்று பேருந்தைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கொக்கொக் என்று வந்து நின்ற வண்டியை முதலில் கவனிக்கவே இல்லை. ஓட்டுநரின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அக்கா! இது... அதுவா?"

"ஏறுடி. ரொம்ப நேரம் நின்னா சூடாயிடும்."

சித்தி பின் சீட்டில் கடுகின் பக்கத்தில் ஏறினார். உட்காருவதற்கு முன் சீட்டைக் கையால் தடவிப் பார்த்தார்.

"என்ன சித்தி தேடறீங்க?"

"முட்டை ஏதாவது இருக்கப்போகுதுன்னுதான்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா வண்டியை ஷெட்டுக்குள் கொண்டுபோகவில்லை. வாசலில், சுவரோரமாக நிறுத்தினார்.

"ஓடாத வண்டி வாசல்ல நின்னா குப்பைம்பாங்க. ஓடற வண்டி எங்க நின்னாலும் வண்டிதான்," என்றார். "ஷெட்டு இனி காலி. உங்க மெஷினுக்கு ஆர்டர் சொல்லிடுங்க."

அப்பா அம்மாவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கடைக்குள் போனார். வெளியே வந்து அதைக் கடுகிடம் கொடுத்தார். "ஆணியில மாட்டு. மை ஈரமா இருக்கு, பாத்து."

சாவியில் ஒரு துணிச்சீட்டு கட்டியிருந்தது. எத்தனை முறை துவைத்தாலும் போகாத மையில் அவர்கள் வீட்டுக் குறி.

கடுகு அதை எண்ணினாள். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினாள். நான்கு புள்ளிகள்.